சுரங்கக் காற்றோட்ட விசிறி கிளம்ப மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தடி மெட்ரோ நிலையங்களின் இரு முனைகளிலும், பயணிகள் கண்ணில் படாத அறைகளில், சுரங்கத்துக்குள் காற்றை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் பெரிய ஆக்சியல் விசிறிகள் (அச்சின் போக்கிலேயே காற்றைத் தள்ளுபவை) நிறுத்தப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் மின்பணியாளர்களும் இளம் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும் அணிற்கூண்டு வகை இண்டக்‌ஷன் மோட்டார்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கும் இந்த இயந்திரம், சுரங்கத்துக்குள் புகை சூழும் நேரத்தில் சில வினாடிகளுக்குள் முழு வேகத்தை எட்டியாக வேண்டும். இந்திய மெட்ரோக்கள் பரவலாகப் பின்பற்றும், அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 130 தரநிலை, முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டரில் 30 வினாடிக்குள்ளும், வேகத்தை மாற்றும் டிரைவில் (விஎஃப்டி) 60 வினாடிக்குள்ளும் விசிறி முழு வேகம் பெற வேண்டும் என்கிறது. ஆகவே கிளம்புவதில் ஏற்படும் கோளாறைச் சிறு குறையாக எண்ணி ஒத்திப்போட இடமில்லை.

விசிறி கிளம்பவில்லை என்று தகவல் வந்தவுடன் முதலில் எதைப் பார்ப்பது?

கட்டளை கொடுத்த பிறகு எந்த வினாடியில் அது நின்றது என்பதைக் கேட்டறியுங்கள். ஓசையே எழவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கட்டுப்பாட்டுச் சுற்றில்தான் இருக்கும். அழுத்திய கணத்திலேயே பிரேக்கர் விழுந்தால் (தானே மின்சாரத்தைத் துண்டித்தால்) கேபிளையோ மோட்டார் சுற்றுகளையோ சந்தேகிக்கலாம். உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால் ஒரு ஃபேஸ் வரவில்லை, அல்லது ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்து, இருபது வினாடி சுழன்று வேகமெடுத்த பின் விழுந்தால் மின்னழுத்தம், சுமை, ரிலே அமைப்பு ஆகிய மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும். முழு வேகம் வந்த பிறகு நின்றால் அதிர்வு, பியரிங் வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கவனிக்கும் உணரிகளின் பக்கம் போக வேண்டும்.

இந்த ஒரு தகவல் இல்லாமல் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறப்பவர், பல நேரங்களில் நல்ல மோட்டாரைச் சோதித்தே இரவைக் கழித்துவிடுகிறார். கட்டுப்பாட்டு அறையின் நிகழ்வுப் பதிவில் கட்டளை போன நேரமும் டிரிப் (பாதுகாப்புக் கருவி தானாக நிறுத்தியது) வந்த நேரமும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டு அறைக்குப் போங்கள்.

பட்டனை மறுபடி அழுத்திப் பார்ப்பதில் என்ன தவறு?

ஒரு தடவை ரீசெட் செய்து பார்ப்பதற்கும், காரணம் தெரியாமல் நான்கைந்து தடவை அழுத்துவதற்கும் இடையே ஒரு மோட்டாரின் ஆயுளே இருக்கிறது. நேரடியாகக் கிளம்பும்போது மோட்டார் தன் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஆறேழு மடங்கை இழுக்கிறது. 132 கிலோவாட் மோட்டாருக்கு முழுச்சுமை ஏறத்தாழ 225 ஆம்பியர் என்றால், கிளம்பும்போது 1,400 ஆம்பியர்வரை போகும். விசிறியின் இம்பெல்லர், அதாவது பிளேடுகள் பொருத்திய சுழலும் பகுதி, கனமானது. அதை நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குக் கொண்டுவருவதற்குள், அந்த வேகத்தில் இம்பெல்லரில் சேரும் இயக்க ஆற்றலுக்குச் சமமான வெப்பம் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரின் கம்பிகளில் இறங்குகிறது. அந்த வெப்பம் வெளியேற நேரம் ஆகும்.

குளிர்ந்த மோட்டாருக்கு அடுத்தடுத்து இரண்டு ஸ்டார்ட், ஓடிச் சூடாக இருப்பதற்கு ஒன்று என்பதே பொதுவான வழக்கம். உங்கள் மோட்டாருக்கான எண்ணிக்கை தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். மிகை மின்னோட்டத்தில் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே ரீசெட் ஆகிவிட்டதால் ரோட்டர் ஆறிவிட்டது என்று கொள்ள வேண்டாம். ரிலே சிறியது, சீக்கிரம் ஆறிவிடும்.

ஓசையே இல்லை, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்டர்கூட இழுக்கவில்லை. எங்கே தொடங்குவது?

இந்த விசிறிகளுக்கு ‘ஓடலாம்’ என்ற அனுமதி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. விசிறிக்கு அருகிலுள்ள உள்ளூர்ப் பெட்டியின் சுவிட்ச், அவசர நிறுத்தப் பட்டன், ஐசொலேட்டரின் துணைக் காண்டாக்ட், டேம்பர் (காற்றுவழியை மூடித் திறக்கும் தகடுகள்) திறந்ததைச் சொல்லும் லிமிட் சுவிட்ச், ஓவர்லோடு ரிலே, சுற்றுகளின் வெப்ப உணரி, பியரிங் வெப்பம், அதிர்வு, எதிர்த்திசைக் காண்டாக்டரின் இன்டர்லாக், முன்பு ஓடியது முழுதாக நின்றதா என்று காத்திருக்கும் டைமர் ஆகிய அத்தனையும் ஒரு சங்கிலியாக நிற்கின்றன. இவற்றில் ஒன்று சம்மதிக்காவிட்டாலும் காண்டாக்டர் அசையாது.

சங்கிலியைத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட நடுவில் ஒரு டெர்மினலில் மின்னழுத்தத்தை அளந்து, கோளாறு எந்தப் பாதியில் என்று முடிவு செய்துகொண்டே போவது விரைவானது. அதற்குமுன் இரண்டு நிமிடத்தில் முடியும் சில சோதனைகள் உண்டு. கட்டுப்பாட்டு டிரான்ஸ்பார்மரின் ஃபியூஸ் நல்ல நிலையில் இருக்கிறதா? உள்ளூர்ப் பெட்டியில் சுவிட்சைப் பராமரிப்பு முடிந்ததும் ‘ரிமோட்’ நிலைக்குத் திருப்பினார்களா? அவசர நிறுத்தப் பட்டனைத் திருகி விடுவித்தார்களா? இவற்றைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கலாம். ஆனால் பராமரிப்புப் பணி முடிந்த மறுநாள் வரும் புகார்களுக்கு நான் முதலில் பார்ப்பது இந்த மூன்றையும்தான்.

வெப்ப உணரிகள் தரும் தவறான தகவலும் அடிக்கடி காரணமாகிறது. பியரிங்கில் உள்ள பிடி100 உணரி 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரி செல்சியஸில் 138.5 ஓம் காட்டும். அதன் கம்பி அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகத் தெரியும். அப்போது ரிலே அதை மிக அதிக வெப்பமாகவோ உணரிப் பழுதாகவோ எடுத்துக்கொண்டு அனுமதியை மறுக்கும். சுற்றுகளில் புதைந்துள்ள பிடிசி தெர்மிஸ்டர்கள் (சூடேறினால் மின்தடை ஏறும் உணரிகள்) வழக்கமாக மூன்று தொடராக இருக்கும். குளிர்ந்த நிலையில் மூன்றும் சேர்ந்து 750 ஓமுக்குள் இருக்க வேண்டும். அவற்றைச் சாதாரண மல்டிமீட்டரால் மட்டுமே அளக்க வேண்டும். இன்சுலேஷனை உயர் மின்னழுத்தத்தால் சோதிக்கும் மெக்கரை வைத்தால் உணரிகள் எரிந்துபோகும், பின்பு மோட்டாரைப் பிரிக்காமல் அவற்றை மாற்ற முடியாது.

‘டேம்பர் திறந்தது’ என்று விளக்கு எரிகிறது, ஆனாலும் விசிறி வேகமெடுக்காமல் விழுகிறது. டேம்பரைச் சந்தேகிக்கலாமா?

கட்டாயம் சந்தேகிக்க வேண்டும். காற்றைப் பக்கவாட்டில் வீசும் சென்ட்ரிஃபியூகல் விசிறியில் டேம்பரை மூடிவைத்துக் கிளப்பினால் சுமை குறையும். ஆக்சியல் விசிறி இதற்கு நேர்மாறு. காற்றுப் போகும் வழி அடைபட்டால் அது ஸ்டால் நிலைக்குள் (பிளேடின்மேல் காற்றோட்டம் சிதறும் நிலை) விழுந்து கூடுதல் திறனை இழுக்கும், குலுங்கும். பம்ப், ஏசி யூனிட் வேலையிலிருந்து சுரங்கப் பணிக்கு வருபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் பணிபுரிந்த ஓரிடத்தில், மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்திய 132 கிலோவாட் விசிறி ஒன்று, வழக்கமாக 18 வினாடியில் முழு வேகத்தை எட்டுவது, 30 வினாடி ஆகியும் எட்டாமல் ‘நீண்ட ஸ்டார்ட்’ என்ற பழுதுச் செய்தியோடு நின்றது. கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 800 ஆம்பியருக்கு அருகே ஏறி, இறங்காமல் அப்படியே நின்றது. மோட்டாரின் இன்சுலேஷன் நன்றாக இருந்தது, மூன்று ஃபேஸிலும் மின்னோட்டம் சமமாக இருந்தது. நேர வரம்பை 45 வினாடிக்கு உயர்த்திவிடலாம் என்ற யோசனைகூட எழுந்தது. கடைசி ரயில் போன பிறகு, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, டார்ச்சோடு டேம்பரின் மறுபக்கம் போய்ப் பார்த்தோம். கீழ் வரிசைத் தகடுகள் நன்றாகத் திறந்திருந்தன. மேல் வரிசை முழுக்க மூடியே கிடந்தது. இரண்டு வரிசைகளையும் இணைக்கும் தண்டின் பின் கழன்று, தரையில் படிந்திருந்த கறுப்பு பிரேக் தூசியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளத்தைப் பதித்தபடி கிடந்தது. லிமிட் சுவிட்ச், டேம்பரைத் திருப்பும் ஆக்சுவேட்டரின் தண்டில் பொருத்தப்பட்டிருந்தது. ஆக்சுவேட்டர் முழுதாகத் திரும்பியதை அது சரியாகவே சொன்னது. தகடு திறந்ததா என்று சொல்வது அதன் வேலையாக இருக்கவில்லை. பின்னை மாட்டி, அது மறுபடி கழலாதபடி பிளவு ஊசி செருகிய பின் விசிறி 18 வினாடியில் முழு வேகத்துக்கு வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பராமரிப்பிலும் டேம்பரைத் திறக்கச் செய்து, மேலும் கீழும் உள்ள தகடுகளை நேரில் பார்த்த பிறகே படிவத்தில் கையெழுத்திடுகிறேன். முடிந்தால் லிமிட் சுவிட்சை ஆக்சுவேட்டரிலிருந்து கடைசித் தகட்டின் தண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை.

உடனே நிறுத்துங்கள். ஒரு ஃபேஸ் இல்லாமல் நிற்கும் மோட்டாருக்குக் கிளம்பும் விசையே கிடையாது. வரும் மின்னோட்டம் முழுவதும் வெப்பமாகிறது. ஃபியூஸ், காண்டாக்டரின் தேய்ந்த முனை, டெர்மினலில் தளர்ந்த லக் ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்று ஃபேஸும் சரியாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பின் இம்பெல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். நீண்ட நாள் ஓடாத பியரிங்கில் கிரீஸ் இறுகியிருக்கலாம், பிளேடு முனை உறையோடு உரசலாம், பாலித்தீன் தாளோ பறவைக்கூடோ சிக்கியிருக்கலாம். பிளேடு முனைக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அடித்தளப் போல்ட்டைச் சரியில்லாமல் இறுக்கியதால் உறை சற்றே நெளிந்தாலும் அது போதும்.

பட்டனை அழுத்திய நொடியிலேயே பிரேக்கர் விழுகிறது.

இந்தச் சூழலில் இன்சுலேஷனைச் சோதிக்காமல் இரண்டாம் முறை மின்சாரம் கொடுக்கக் கூடாது. 500 வோல்ட் மெக்கரில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். 415 வோல்ட் மோட்டாருக்கு, 40 டிகிரிக்குத் திருத்திய அளவில் 5 மெகா ஓம் குறைந்தபட்சம் என்று மின்பொறியாளர்களின் அமைப்பு வெளியிட்ட ஐஇஇஇ 43 தரநிலை சொல்கிறது. நல்ல நிலையிலுள்ள மோட்டார் அதைவிடப் பல மடங்கு காட்டும். சாஃப்ட் ஸ்டார்ட்டரோ விஎஃப்டியோ இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிய பிறகே மெக்கரை வையுங்கள்.

சென்னை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் குறைந்த அளவு வருவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். அதைத் தடுக்கத்தான் மோட்டாருக்குள் ஸ்பேஸ் ஹீட்டர் வைக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் நிற்கும்போது அது எரிய வேண்டும், ஓடும்போது அணைய வேண்டும். ஹீட்டரின் எம்சிபி (சிறு பிரேக்கர்) விழுந்து மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் இருப்பது இந்தத் துறையின் பழைய நோய். அந்த எம்சிபிக்கு ஓர் அலாரம் காண்டாக்டை இணைத்து வைப்பதை நான் வலியுறுத்துவேன். செலவு சிறியது, காப்பது ஒரு மோட்டாரை. இன்சுலேஷன் நன்றாக இருந்தும் பிரேக்கர் விழுந்தால், அதன் உடனடி டிரிப் அமைப்பைப் பாருங்கள். மின்சாரம் பாயும் முதல் சுழற்சியில் உச்ச மின்னோட்டம், கிளம்பு மின்னோட்டத்தையும் தாண்டி எழும். அமைப்பு அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து வினாடி வேகமெடுத்த பிறகு ஓவர்லோடு ரிலே விழுகிறது. ரிலேயை உயர்த்தலாமா?

மோட்டார் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்கு மேல் அதை உயர்த்தவே கூடாது. பார்க்க வேண்டியது ரிலேயின் வகுப்பை. அமைத்த மின்னோட்டத்தின் 7.2 மடங்கில், வகுப்பு 10 ரிலே 10 வினாடிக்குள்ளும், வகுப்பு 20 ரிலே 20 வினாடிக்குள்ளும், வகுப்பு 30 ரிலே 30 வினாடிக்குள்ளும் விழும். கனமான இம்பெல்லருக்கு வகுப்பு 10 பொருந்தாது. பழுதான ரிலேயை மாற்றும்போது கடையில் கிடைத்த வகுப்பு 10ஐ மாட்டிவிடுவதால் நல்ல விசிறி திடீரென்று நோயாளி ஆகிறது. வகுப்பை உயர்த்துவதற்குமுன், ரோட்டர் பூட்டிய நிலையில் மோட்டார் எத்தனை வினாடி தாங்கும் என்ற தயாரிப்பாளரின் எண்ணையும் பார்க்க வேண்டும். ரிலே அதற்குமுன் விழுந்தாக வேண்டும்.

அடுத்தது மின்னழுத்தம். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 10 சதவீதம் மின்னழுத்தம் குறைந்தால் விசை 19 சதவீதம் குறையும், 20 சதவீதம் குறைந்தால் 36 சதவீதம் போய்விடும். விசிறி நிற்கும்போது பேனலில் 415 காட்டுகிறது என்பதில் பயனில்லை. கிளம்பிக்கொண்டிருக்கும்போது மோட்டார் முனையில் எவ்வளவு என்பதே கேள்வி. நீளமான கேபிளின் கடைசியில் அது பேனலைவிடக் குறைவாக இருக்கும்.

முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பிப் பின் டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் இது மேலும் கடுமையாகிறது. ஸ்டார் நிலையில் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது விசையும் மூன்றில் ஒரு பங்காகிறது. விசிறியின் சுமையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. 80 சதவீத வேகத்தில் முழுச்சுமையின் 64 சதவீத விசை வேண்டும். மின்னழுத்தமும் சற்றே சரிந்தால், ஸ்டார் நிலையில் மோட்டார் அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் திணறும். அந்த நேரத்தில் டைமர் டெல்டாவுக்கு மாற்றினால், நேரடி ஸ்டார்ட்டரின் அதிர்ச்சி அப்படியே வந்து இறங்கும். டைமரை ஊகத்தில் வைக்காமல், ஸ்டார் நிலையில் வேகம் ஏறுவது எந்த வினாடியில் நிற்கிறது என்று டாக்கோமீட்டரால் அளந்து வையுங்கள்.

பிளேடுகளை மாற்றிய பிறகு இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால், பிளேடுகளின் கோணத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஓரிரு டிகிரி கூடினாலும் சுமை ஏறும். புகை இழுக்கும் விசிறிகள் பொதுவாக 250 டிகிரி வெப்பக் காற்றுக்கு வடிவமைக்கப்படுகின்றன. சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் முறுக்குவிசையைப் பொறுத்தவரை நம் அன்றாடச் சோதனையே கடினமான சோதனை. குளிர்ந்த காற்றில் கிளம்பத் திணறும் விசிறியை, தீ வந்தால் சரியாகிவிடும் என்று யாரும் விட்டுவிட வேண்டாம். அப்போது மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றும் அதே சூடான காற்றுதான்.

விஎஃப்டியில் பழுதுச் செய்தி வருகிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

வேகமெடுக்கும்போது ‘மிகை மின்னோட்டம்’ என்றால் வேகமெடுக்கும் நேரத்தைக் கனமான இம்பெல்லருக்குப் போதாத அளவு குறைத்து வைத்திருக்கலாம். ‘எர்த் பழுது’ என்றால் மோட்டார் கேபிளைக் கழற்றி, டிரைவை மட்டும் ஓட்டிப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்பது தெரியும். ‘டிசி மின்னழுத்தம் மிகை’ என்ற செய்தி கிளம்பும் நேரத்திலேயே வந்தால், விசிறி முன்பே காற்றால் சுழன்றுகொண்டிருந்ததா என்று பாருங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்த உதிரி டிரைவை நேராக இணைக்காதீர்கள். அதன் மின்தேக்கிகளைத் தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி மெல்ல மின்னேற்றிப் பழக்க வேண்டும்.

ரயில் போகும்போது விசிறி தானாகவே பின்னோக்கிச் சுழல்கிறது. இதனால் கிளம்புவதில் சிக்கல் வருமா?

வரும். சுரங்கத்தில் ஓடும் ரயில் பிஸ்டன் போலக் காற்றைத் தள்ளுகிறது. டேம்பர் சரியாக மூடாவிட்டால் அந்தக் காற்று விசிறியைச் சுழற்றும். சுமையின் பங்கைச் சேர்க்காமல் கணக்கிட்டாலும், பாதி வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும் விசிறியைக் கிளப்பினால் ரோட்டரில் இறங்கும் வெப்பம், நின்ற நிலையிலிருந்து கிளம்புவதைப் போல இரண்டேகால் மடங்கு. முழு வேகத்தில் எதிர்த்திசை என்றால் நான்கு மடங்கு. ஓடும் விசிறியின் திசையை மாற்றுமுன் அது நிற்கும்வரை காத்திருக்கும் டைமர் இதற்காகவே இருக்கிறது. அவசரத்தில் அதைக் குறைத்துவைப்பவர்கள் இந்த எண்களை நினைத்துப் பார்க்க வேண்டும். டேம்பர் தகடுகளின் விளிம்பு சீலை மாற்றுவது முதல் தீர்வு. டிசி மின்னோட்டம் செலுத்தி நிறுத்தும் வசதியோ, சுழலும் மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும் விஎஃப்டி வசதியோ இருந்தால் அது செயல்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விசிறி ஓடுகிறது, ஆனால் காற்று எதிர்ப்பக்கம் போகிறது.

கேபிள் வேலைக்குப் பிறகு இரண்டு ஃபேஸ்கள் இடம் மாறியிருக்கின்றன. திசை மாற்றும் விசிறியில் இது எளிதில் கண்ணில் படாது, இரண்டு திசையிலும் அது நன்றாகவே ஓடும். ஆனால் புகையை வெளியே இழுக்க வேண்டிய நேரத்தில் பயணிகள் மேல் தள்ளிவிடும். மோட்டார் கேபிளைக் கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும், டேம்பர் அருகே ஒரு துணித் துண்டைப் பிடித்து, காற்று போகும் திசையைக் கண்ணால் பார்த்துக் கட்டுப்பாட்டு அறையின் திரையோடு ஒப்பிடுங்கள்.

முழு வேகம் வருமுன்பே அதிர்வு டிரிப் வருகிறது.

வேகமெடுக்கும்போது கட்டமைப்பின் இயல்பதிர்வைக் கடந்து போவதால் சில வினாடி அதிர்வு உயரலாம். அதற்குத்தான் தாமத டைமர் இருக்கிறது. முன்பு வராத டிரிப் இப்போது வந்தால் டைமரை நீட்ட வேண்டாம். பிளேடுகளில் ஒருபுறம் படிந்த தூசி, தளர்ந்த அடித்தளப் போல்ட், நின்றபடியே இருந்ததால் பியரிங் பாதையில் விழுந்த தடங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள்.

ஒரு விசிறியைத் தனியாக ஓட்டினால் கிளம்புகிறது, நான்கையும் சேர்த்துக் கட்டளையிட்டால் ஒன்றிரண்டு விழுகின்றன.

இது விசிறியின் குற்றம் அல்ல. எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, பிந்தியவற்றின் காண்டாக்டர் காயில் (மின்காந்தச் சுருள்) விட்டுவிடுகிறது. காயில் இழுக்கக் குறைந்தது 85 சதவீத மின்னழுத்தமாவது வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். ஒரு டிரான்ஸ்பார்மரை நிறுத்திவிட்டு, மற்றொன்றே இரு பஸ்களையும் (மின்பகிர்வுப் பட்டைகளையும்) சுமக்கும் நிலையிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். விபத்து நேரத்தில் இருக்கப்போவது அந்த நிலையாகக்கூட இருக்கலாம்.

தீ நிலைக் கட்டளையில் இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் விசிறியைத் தடுக்குமா?

பொதுவான வடிவமைப்பில், தீ நிலையில் வெப்பம், அதிர்வு, ஓவர்லோடு ஆகியவை அலாரமாக மட்டும் மாறும், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு மட்டுமே விசிறியை நிறுத்தும். உள்ளே மனிதர்கள் இருக்கும்போது மோட்டாரைத் தியாகம் செய்வதே சரி. உங்கள் நிலையத்தில் அது உண்மையில் அப்படி இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். ஓர் அதிர்வு டிரிப்பைச் செயற்கையாக உண்டாக்கிவிட்டு, தீ நிலைக் கட்டளை கொடுத்துப் பாருங்கள். வரைபடத்தில் இருப்பதும் பேனலில் இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

விசிறிக்குள் நுழையுமுன் என்ன செய்ய வேண்டும்?

பிரதான ஐசொலேட்டரைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிசெய்யுங்கள். விஎஃப்டி என்றால் அதன் மேல் எழுதியுள்ள நேரம் முழுவதும் காத்திருங்கள். ஸ்பேஸ் ஹீட்டருக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம் வரும், அதையும் துண்டியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் காற்று இம்பெல்லரைச் சுழற்றும் என்பதால், டேம்பரை மூடி, இம்பெல்லரைப் பட்டையாலோ பூட்டுத் தண்டாலோ கட்டிய பிறகே கையை நீட்டுங்கள். அதே காற்றுவழியில் உள்ள பக்கத்து விசிறியையும் நிறுத்திப் பூட்டச் சொல்லுங்கள்.

சோதனை ஓட்டத்தில் எதைக் குறித்துவைப்பது?

மூன்று ஃபேஸின் உச்ச மின்னோட்டம், கிளம்பும்போது மோட்டார் முனையின் மின்னழுத்தம், முழு வேகத்துக்கு எடுத்த வினாடிகள், நிறுத்திய பின் தானாக நிற்க எடுத்த நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாதந்தோறும் அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தால் பியரிங் இறுகுகிறது. கிளம்பும் நேரம் கூடிக்கொண்டே வந்தால் டேம்பரையும் மின்னழுத்தத்தையும் பாருங்கள். 18 வினாடி 19 ஆகி, 21 ஆகி நிற்கும் நாளிலேயே பேனலைத் திறந்துவிடுங்கள்.